சொல் மாறாத முள்

மூடுபனியில் விமானம் மரத்தில் மோதியபோது, உயரம் காட்டும் முள் ஆயிரத்து இருநூறு அடி என்று சொல்லிக்கொண்டிருந்தது. மரம் அவ்வளவு உயரம் இல்லை. விமானத்தை ஓட்டிய மச்சானை உள்ளேயிருந்து இழுத்தபோது முழங்காலுக்குக் கீழே வலது கால் கூடவே வரவில்லை. அதைத் தனியாக எடுக்க வேண்டியிருந்தது. அப்போதும் முள் ஆயிரத்து இருநூறில்தான் நின்றது.

வயல்களுக்குப் பூச்சிமருந்து தெளிக்கும் சிறிய விமானம் அது. விமானியும் அவனுடைய மச்சானும் மாறி மாறி ஓட்டினார்கள். இறக்கையைத் தட்டி நிமிர்த்தியாகிவிட்டது. மூக்கை மாற்றியாகிவிட்டது. மச்சானுக்கு மாற்ற எதுவும் கிடைக்கவில்லை.

விமானியின் மனைவி அண்ணனின் கட்டைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "இங்க பாருங்க. உண்மையச் சொல்ற கருவியா ஒண்ணு வாங்கி மாட்டுங்க. அதுவரைக்கும் நீங்க அதுல ஏறக்கூடாது. எங்க அண்ணனுக்குக் கால்ல போச்சு. உங்களுக்கு எதுல போகும்னு எனக்குத் தெரியாது."

"தலையில போனா பரவால்ல," என்றான் மச்சான் கட்டிலில் இருந்து. "வீட்ல யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

"நீ சும்மா கிடண்ணா."

துரு பிடித்து இறுகிப்போன பழைய உயரமானியைத் துணிப்பையில் போட்டுக் கணவனிடம் கொடுத்தாள். "கடையில இதக் காட்டி, இது மாதிரி வேண்டாம்னு சொல்லுங்க. உங்களுக்கு வாயால சொல்லத் தெரியாது."

விமானக் கருவிகள் விற்கும் கடைக்காரர் பழைய உயரமானியைப் பார்த்துவிட்டு, செத்த எலியைத் திருப்பித் தருவதுபோல் இரண்டு விரலால் திருப்பித் தந்தார். பிறகு ஒரு கறுப்புத் திரையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இதுக்குப் பேரு ஏவியானிக்ஸ். முள்ளு, பல்சக்கரம் எல்லாம் மலையேறிப் போச்சு. உயரம், வேகம், அடிவானம், நீங்க நேராப் போறீங்களா சாஞ்சு போறீங்களா, எல்லாமே இந்த ஒரு திரையில வரும்."

திரையைத் தரையில் வைத்தார். பிறகு தூக்கி மேஜையில் வைத்தார். உயரம் மூன்று அடி கூடியது. விமானி மறுபடியும் செய்யச் சொன்னான். மறுபடியும் மூன்று கூடியது. அவன் அதையே ஐந்தாறு தடவை செய்யச் சொன்னதில் கடைக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இத நம்பலாமா?"

"நான் நம்புறேன். ஆனா நம்பலாம்னு சொல்ற அதிகாரம் எனக்கு இல்ல. அதுக்கு நம்பகத்தன்மை வாரியம்னு ஒண்ணு இருக்கு. அவங்க முத்திரை இல்லாம மாட்டினீங்கன்னா, கருவிய விட்டுட்டு விமானத்த உடைப்பாங்க."

பணத்தை வாங்கிக்கொண்டு, திரையைத் தலையணை ஒன்றில் சுற்றினார். கொடுக்கும் முன் அதை ஒருமுறை தடவினார்.

"போய்ச் சேர்ற வரைக்குமாவது நிம்மதியா இருக்கட்டும்," என்றார்.

வாரியம் மூன்று மாடிக் கட்டடம். உள்ளே கொல்லன் பட்டறைபோல் சத்தம். ஒரு ஜன்னலிலும் கண்ணாடி இல்லை. அவை எல்லாம் எப்போதோ சோதிக்கப்பட்டுவிட்டன. வாசலுக்கு மேலே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார்.

விண்ணப்பதாரர்களுக்கான பெஞ்சில் ஒருவர் கன்னம் வீங்க உட்கார்ந்திருந்தார். மடியில் நசுங்கிய திசைகாட்டி.

"பல்லக் கடிச்சுக்குங்க தம்பி," என்றார் அவர். "நாக்க உள்ள வச்சுக்குங்க. எனக்கு யாரும் சொல்லல."

"உங்க திசைகாட்டிக்கு என்ன ஆச்சு?"

"பெட்டிய இந்தப் பக்கம் திருப்பினாங்க, முள்ளு அந்தப் பக்கம் திரும்புச்சு. அந்தப் பக்கம் திருப்பினாங்க, இந்தப் பக்கம் திரும்புச்சு. வடக்கத்தானய்யா காட்டுதுன்னு சொன்னேன். நிலையில்லாத புத்தின்னு சொல்லி மிதிச்சுட்டாங்க."

விமானியை உள்ளே கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் மேற்பார்வையாளர். அவர் காதுகளில் பஞ்சு வைத்திருந்தார். பக்கத்தில் சுத்தியலோடு நின்றவருக்கும் எல்லோரும் வைத்திருந்த பெயர் பஞ்சுதான். வேலையில் சேர்ந்த புதிதில் மெதுவாக அடிப்பாராம். அந்தக் குறையை அவர் சரிசெய்து நெடுநாள் ஆகிவிட்டது.

"முதல்ல விண்ணப்பதாரர்," என்றார் மேற்பார்வையாளர். "உங்க உயரம் என்ன?"

"அஞ்சடி ஆறு அங்குலம்."

பஞ்சு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அவனை ஓங்கி அறைந்தார்.

"உயரம் என்ன?"

"ஏன் சார் அடிக்கிறீங்க?"

"பதில் மாறுது," என்று மேற்பார்வையாளர் வருத்தப்பட்டார். "இன்னொரு வாய்ப்பு தரலாம்."

மறுபடியும் அறை. விமானியின் மூக்கிலிருந்து ரத்தம் சட்டைமேல் சொட்டியது. "அஞ்சடி ஆறு," என்றான். அறை. "அஞ்சடி ஆறு." அறை. "அஞ்சடி ஆறு."

"தேறிட்டீங்க. வாழ்த்துக்கள்."

விமானி மூக்கைத் துடைத்தான். "சார், நான் நிஜமாவே அஞ்சடி ஆறுதானான்னு யாரும் அளந்து பாக்கலையே?"

மேற்பார்வையாளர் காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, கேள்வியைத் திரும்பச் சொல்லச் சொன்னார். கேட்டதும் சிரித்தார்.

"அளக்கறதா? தம்பி, நம்பகம்னா என்ன? ஒதச்சாலும் மிதிச்சாலும் சொன்னதையே திருப்பிச் சொல்றது. அது சரியா தப்பாங்கிறது எங்க வேலை இல்ல. முன்னாடி கீழ்த்தளத்துல உண்மைப் பிரிவுன்னு ஒண்ணு இருந்துச்சு. அங்க இருந்த மனுஷர் வெயிலடிச்சா வெயில்ங்கறாரு, மழை பேஞ்சா மழைங்கறாரு. ஒரே வாரத்துல ரெண்டு பேச்சு. அவரையும் அடிச்சுத்தான் பாத்தோம். தேறல."

"இப்ப எங்க இருக்காரு?"

"எங்கயும் இல்ல."

திரையைத் தலையணையிலிருந்து பிரித்தார்கள். அது தரைமட்ட உயரத்தைக் காட்டியது. மேற்பார்வையாளர் தலையாட்டினார். சோதனைக்கூடம் மூன்றாவது மாடியில். பஞ்சு திரையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏற, மற்றவர்கள் பின்னால் போனார்கள். முதல் மாடியில் எண் பத்து கூடியது. இரண்டாவது மாடியில் இன்னும் பத்து. மேற்பார்வையாளரின் முகம் படிக்குப் படி கறுத்தது. மூன்றாவது மாடி வந்ததும் நின்றார்.

"பாத்தீங்களா? இன்னும் ஒரு அடி விழல. அதுக்குள்ள மூணு தடவ பேச்ச மாத்திடுச்சு."

"சார், நாம மேல ஏறி வந்திருக்கோம்."

"நானும்தான் ஏறி வந்தேன். நான் மாறிட்டேனா?"

பஞ்சு ஒரே போடில் திரையை இரண்டாக்கினார். பிறகு இரண்டை நான்காக்கினார். அது தேவையில்லைதான். ஆனாலும் மனிதர் வேலையில் பற்றுள்ளவர்.

கடைக்காரர் இன்னொரு திரையைக் கொடுத்தார். அதற்குத் தலையணை தரவில்லை. "இனி எதுக்கு?" என்றார். இந்த முறை விமானி கன்னத்தைக் கொடுத்து முடித்ததும், சோதனையைக் கீழ்த்தளத்திலேயே வைத்துக்கொள்ளும்படி மன்றாடினான். மனமிரங்கி, சுத்தியலைக் கீழே கொண்டுவந்தார்கள்.

முதல் அடியைத் திரை தாங்கிவிட்டது. ஒரு மூலை மட்டும் கீறியது.

"என் அடி தாங்கிடுச்சா?" என்றார் பஞ்சு. குரல் உடைந்திருந்தது.

"தாங்கலண்ணே, நீங்க ஓரமா அடிச்சிட்டீங்க," என்றார் திரையைப் பிடித்துக்கொண்டிருந்த உதவியாளர்.

"நான் ஓரமா அடிச்சேனா? நீ ஆட்டிட்டு என்னச் சொல்றியா?"

இரண்டாவது அடி உதவியாளரின் தோள்பட்டையில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வாசல் பெஞ்சு வரை கேட்டதாகத் திசைகாட்டிக்காரர் பிற்பாடு சொன்னார். உதவியாளர் கீழே விழுந்ததும் மேற்பார்வையாளர் குனிந்து, "உங்க உயரம் என்ன?" என்று கேட்டார்.

"அஞ்சடி ஒம்போது," என்று முனகினார் உதவியாளர். அது ஏற்கெனவே சொல்லி வைத்திருந்த உயரம்தான். ஸ்ட்ரெச்சரில் தூக்கும்போதே பதவி உயர்வு கொடுத்துவிட்டார்கள்.

அடுத்த சோதனையான கொதிக்கும் நீரில் திரை செத்தது.

விமானி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். இனி வாங்குவதற்குக் கையில் ஒன்றும் இல்லை. முகம் துடைக்கத் துண்டு எடுப்பதற்காகத் துணிப்பையைக் கவிழ்த்தான். பழைய உயரமானி உருண்டு வந்து மேற்பார்வையாளரின் செருப்பில் முட்டியது.

"இது என்ன?"

"இது மாதிரி வேண்டாம்னு காட்டறதுக்குக் கொண்டுவந்தது சார்."

மேற்பார்வையாளர் குனிந்து பார்த்தார். ஆயிரத்து இருநூறு. கையில் எடுத்துக்கொண்டு முதல் மாடிக்குப் போனார். ஆயிரத்து இருநூறு. மூன்றாவது மாடிக்கு ஓடினார். மேலிருந்து அவர் குரல் நடுங்கி இறங்கியது: "பஞ்சு! சுத்தியல்!"

அடித்தார்கள். கண்ணாடி நொறுங்கியது. முள் அசையவில்லை. மாடியிலிருந்து எறிந்தார்கள். கீழே போய்க்கொண்டிருந்த தபால்காரர் தலையில் விழுந்தது. தபால்காரர் அசைவற்றுப் போனார். முள்ளும் அப்படியே. வேகவைத்தார்கள், மணலில் புதைத்தார்கள், லாரி ஏற்றினார்கள். வாரியமே வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றது. சிலர் செருப்பைக் கழற்றியிருந்தார்கள். பஞ்சு கடைசியில் சுத்தியலைப் போட்டுவிட்டு, கைகூப்பி அழுதார்.

வாரியத் தலைவர் வந்தார். தடித்த, சவரம் பளபளக்கும் மனிதர். இருபது வருடமாகத் தலைவர். உயரமானியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு பேசினார்.

"நண்பர்களே, இந்த வாரியத்துல நான் சேர்ந்தப்ப என்ன சொன்னேனோ அதத்தான் இன்னைக்கும் சொல்றேன். நடுவுல விமானங்க விழுந்துச்சு. ஜனங்க செத்தாங்க. கேள்வி கேட்டாங்க. நான் மாறல. எனக்குத் துணையா இத்தன வருஷத்துல ஒரு ஆள் கிடைக்கலையேன்னு ஏங்கினேன். இன்னைக்குக் கிடைச்சிட்டான்."

உயரமானியை முத்தமிட்டார். உடைந்த கண்ணாடி கிழித்து உதட்டில் ரத்தம் வந்தது. கைதட்டினார்கள்.

"மன்னிச்சுக்குங்க ஐயா," என்றான் விமானி. "அது செத்துப்போன முள்ளு. அத நம்பித்தான் எங்க மச்சானுக்குக் கால் போச்சு."

"உங்க மச்சான் இப்பவும் அன்னைக்குச் சொன்னதையே சொல்றாரா?"

"அன்னைக்கு ஆயிரத்து இருநூறு அடின்னாரு. இப்ப மரத்து உயரம்ங்கறாரு."

"பாருங்க," என்றார் தலைவர் கூட்டத்தைப் பார்த்து. "ஒரு கால் போனதுக்கே மனுஷன் பேச்ச மாத்திடறான்."

உத்தரவு அங்கேயே போடப்பட்டது. அந்த உயரமானியை அதே விமானத்தில் மாட்ட வேண்டும். வேறு எந்தக் கருவியும் கூடாது. திறப்புவிழாப் பறத்தலில் தலைவரே பயணம் செய்வார். முள் காட்டும் ஆயிரத்து இருநூறு அடியில் கதவைத் திறந்து, பாராசூட்டில் குதித்து, கூட்டத்தின் நடுவே இறங்கி உரையாற்றுவார். விமானி மறுத்தால் அவனையும் விமானத்தையும் சேர்த்து மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோவார்கள்.

"ஐயா இதுக்கு முன்ன விமானத்துல போயிருக்கீங்களா?"

"ஒருதரம்கூட இல்ல. பாரபட்சம் வந்துடக் கூடாதுன்னுதான்."

"பாராசூட்டாவது சரியா விரியுமா?"

"நாங்க முத்திரை குத்துன பாராசூட்டு அது. எத்தன தடவ இழுத்தாலும் வடிவம் மாறல."

வீட்டுக்கு வந்ததும் மனைவி அவன் கன்னத்தைப் பார்த்தாள். பிறகு பையைத் திறந்து உயரமானியைப் பார்த்தாள். அதன் நெற்றியில் வாரிய முத்திரையை உளியால் கொத்தியிருந்தார்கள்.

"போன வேலை இதானா?"

நடந்ததையெல்லாம் சொன்னான். விமானத்தின் ஜன்னல்களுக்கு வாரிய முத்திரை இல்லை என்பதையும் சொன்னான். ஜன்னலும் உயரத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லும் ஒரு கருவிதான் என்று மேற்பார்வையாளர் கண்டுபிடித்திருந்தார். அதனால் எல்லா ஜன்னலிலும் கறுப்புக் காகிதம் ஒட்ட வேண்டும். காகிதத்தையும் கொடுத்தனுப்பியிருந்தார்கள்.

"கண்ணக் கட்டிட்டு ஏறச் சொல்றானா?" என்றான் மச்சான். "எனக்காவது பனிதான் மறைச்சுது. மச்சான், உங்களுக்கு ஒரு கால்கூட மிஞ்சாது."

மனைவி காகிதக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "உள்ள இருக்கிறவனுக்கு வெளிய எதுவும் தெரியாது?"

"தெரியாது."

"முள்ளு ஆயிரத்து இருநூறுலயேதான் நிக்கும்?"

"நிக்கும்."

"அப்புறம் விமானம் என்னத்துக்குங்க மேல ஏறணும்?"

மச்சான் சிரித்த சிரிப்பில் தையல் பிரிந்து ரத்தம் வந்தது.

அவளே காகிதத்தை ஒட்டினாள். விமானியின் பக்கத்தில் மட்டும், கண்ணுக்கு நேராகக் கொண்டை ஊசியால் ஒரு ஓட்டை போட்டாள். விரலால் குடைந்து கொஞ்சம் பெரிதாக்கினாள்.

திறப்புவிழா அன்று வாரியத்தார் எல்லோரும் மைதானத்தின் நடுவே வட்டமாக நின்றார்கள். அண்ணாந்து பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. தலைவர் பின் இருக்கையில் ஏறினார். முதுகில் பாராசூட், கையில் உரை. விமானி என்ஜினை முடுக்கி, ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டே ஓடுபாதையில் ஓட்டினான். பாதை முடிந்ததும் மேலே கிளப்பாமல் அப்படியே மைதானத்தில் இறக்கி, கூட்டத்தைச் சுற்றி ஓட்டினான். மேடு பள்ளத்தில் விமானம் குதித்தது.

"என்ன இது, தூக்கித் தூக்கிப் போடுது?" என்று கத்தினார் தலைவர்.

"மேகம்ங்க ஐயா."

"இப்ப எவ்வளவு?"

"நீங்களே பாருங்க."

தலைவர் எட்டிப் பார்த்தார். "ஆயிரத்து இருநூறு," என்றார். குரல் தழுதழுத்தது. "கிளம்பும்போது எவ்வளவு காட்டுச்சு?"

"அதேதாங்க."

"என் ராசா!"

அண்ணாந்து நின்ற கூட்டத்தைச் சுற்றி விமானம் ஏழெட்டு வட்டம் போட்டது. பஞ்சு முகத்திலேயே புழுதி அடித்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அண்ணாந்தார். வானத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவ்வளவு உயரம் போயிருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள்.

"வேகத்தக் குறைச்சுக்கறேன் ஐயா," என்றான் விமானி. முழு வேகத்தில் போகும் விமானத்திலிருந்து ஒரு மனிதனை விழவிட அவனுக்கு மனம் வரவில்லை.

"எதையும் மாத்தாத!" என்றார் தலைவர்.

கதவைத் திறந்தார். காற்று உரையைப் பிடுங்கிக்கொண்டு போனது. கண்ணை இறுக மூடிக்கொண்டு வெளியே காலெடுத்து வைத்தார். தரை ஒரு ஆள் உயரத்துக்கும் குறைவான தூரத்தில் காத்திருந்தது. முதலில் முகம் பட்டது, பிறகு தோள், பிறகு மறுபடியும் முகம். புல்லிலும் கல்லிலும் உருண்டு, வேலிக்கம்பியில் சிக்கி நின்றார். தாடை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. முன்பற்கள் வழி நெடுகச் சிதறிக் கிடந்தன. பாராசூட் பை அவிழவே இல்லை. நிஜமாகவே ஆயிரத்து இருநூறு அடியிலிருந்து குதித்திருந்தால் அள்ளுவதற்கு வாளி தேவைப்பட்டிருக்கும்.

சத்தம் கேட்டு எல்லோரும் தலையை இறக்கினார்கள். கழுத்து வலியோடு ஓடிவந்தார்கள்.

"ஐயா, எவ்வளவு உயரத்துலேருந்து விழுந்தீங்க?" என்று கேட்டார் மேற்பார்வையாளர்.

"ஆயிரத்து... இருநூறு," என்று வாயில் ரத்தக் குமிழியோடு சொன்னார் தலைவர்.

வாரிய வழக்கப்படி பஞ்சு ஓங்கி ஒரு அறை விட்டார். மிச்சமிருந்த தாடையும் உடைந்தது.

"எவ்வளவு ஐயா?"

"ஆயிட்டு... இயுநூறு."

தேறிவிட்டார். ஆனால் மேற்பார்வையாளர் விடவில்லை. அவர் கண்ணாரக் கண்டது ஒன்று இருந்தது: நின்றுகொண்டிருந்த விமானத்தின் கதவிலிருந்து தரைவரை ஒரு ஆள் உயரம்கூட இல்லை. நெடுநேரம் யோசித்தார். முள் பொய் சொல்லாது. தலைவரும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் முத்திரை உண்டு.

"தரைக்கு முத்திரை இருக்கா?" என்று கேட்டார்.

இல்லை.

"அப்ப இதுதான் ஏறி வந்திருக்கு. ஆயிரத்து இருநூறு அடி." காலால் தரையை உதைத்தார். கால் வலித்தது. விமானத்திலிருந்து இறங்கி வந்த விமானியிடம் திரும்பினார். "உங்க மச்சான் விஷயத்துலயும் இந்தத் தரைதான் மரத்தையும் தூக்கிட்டு மேல வந்திருக்கு. உங்க மச்சான்மேல குத்தம் இல்ல."

தலைவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு அன்றைக்கே வேலையை ஆரம்பித்தார்கள். சுத்தியல், கடப்பாரை, சம்மட்டி. வாரியத்தின் மூன்று மாடியும் காலியாகி மைதானத்துக்கு வந்தது. தரையை அடித்து அதன் பழைய இடத்துக்கு இறக்க வேண்டும். மேற்பார்வையாளர் ஒரு நாற்காலியில் ஏறி நின்று உற்சாகப்படுத்தினார்: "அடிமேல் அடி அடிச்சா அம்மியே நகரும்! மண்ணு நகராதா?"

மண் பறந்தது. அடுத்தவன் சுத்தியல் பட்டு விரல்களும் பறந்தன. முதலில் போனது ஓடுபாதை. பள்ளம் நாளுக்கு நாள் ஆழமாகி விமானத்தின் சக்கரம் வரை வந்தது. பிறகு ஓரம் சரிந்து, விமானம் மூக்குக் குப்புற உள்ளே போனது. அதன் அடியில் பஞ்சு இருந்தார். இறங்கிப் போய் உயரம் கேட்டார்கள். பதில் இல்லை. மறுபடியும் கேட்டார்கள், அடித்துக் கேட்டார்கள். எத்தனை தடவை கேட்டும் அவர் சற்றும் மாறவில்லை. வாரிய வரலாற்றிலேயே அவ்வளவு உறுதியாக யாரும் தேறியதில்லை என்று மேற்பார்வையாளர் கண் கலங்கினார்.

விமானியும் மனைவியும் பள்ளத்தின் விளிம்பில் நின்றார்கள். பக்கத்தில் மச்சான், கக்கத்தில் ஊன்றுகோலோடு. அடியில் விமானத்தின் வால் மட்டும் மண்ணுக்கு மேலே தெரிந்தது.

"இனி எதுல பறக்கறது?" என்றான் விமானி.

"ரெண்டு காலும் இருக்குல்ல," என்றாள் அவள். "நடங்க."

"குடுத்து வச்ச மனுஷன்," என்றான் மச்சான்.

கீழே மேற்பார்வையாளர், நொறுங்கிய விமானத்திலிருந்து உயரமானியைக் கழற்றி வரச் சொன்னார். பள்ளத்தின் மிக ஆழமான இடத்தில் அதை வைத்தார்கள். அவர் மண்டியிட்டு, சட்டை நுனியால் மண்ணைத் துடைத்து, முள்ளைப் பார்த்தார்.

"இன்னும் ஒரு அடிகூட எறங்கல," என்றார். "அடிங்க."